பிச்சாவரம் அலையாத்திக் காட்டு மீட்பும் கடலோரச் சாலைப் பாதுகாப்பும்

கடலூர் மாவட்டத்தில் சிதம்பரத்துக்குக் கிழக்கே உள்ள பிச்சாவரத்தில் அழிந்துவந்த அலையாத்திக் காடு, 1990களிலிருந்து மீட்டெடுக்கப்பட்டது. ஊர்மக்கள், தமிழ்நாடு வனத்துறை, எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் ஆகிய மூன்று தரப்பும் சேர்ந்து செய்த பணி இது. இந்தியாவில் மக்கள் பங்கேற்புடன் ஈரநிலத்தை மீட்டதற்கு முன்னோடியாக இது அடிக்கடி சுட்டப்படுகிறது.

இதே கடற்கரைக்கு இணையாகச் செல்லும் தேசிய நெடுஞ்சாலை 32 அண்மை ஆண்டுகளில் நான்குவழிச் சாலையாக விரிவாக்கப்பட்டுள்ளது. காட்டை மீட்டபோது கற்ற பாடம் சாலைக்கும் பொருந்தும். நிலத்தின் மீது நீர் வந்துபோகும் வழியை அடைத்தால் காடும் அழியும், ஊரும் மூழ்கும், சாலையும் உடையும். ஆகவே, பாதுகாப்பான கடலோரச் சாலை வேண்டும் என்ற கோரிக்கையும் ஈரநிலத்தைக் காக்க வேண்டும் என்ற கோரிக்கையும் ஒன்றோடொன்று தொடர்புடையவை.

அமைவிடம்

பிச்சாவரம், சிதம்பரத்திலிருந்து சுமார் 15 கி.மீ. தொலைவில் கிள்ளையை அடுத்து உள்ளது. வடக்கே வெள்ளாற்றின் கழிமுகம், தெற்கே கொள்ளிடத்தின் கழிமுகம் ஆகிய இரண்டுக்கும் இடைப்பட்ட தாழ்நிலத்தில் காடு பரவியுள்ளது. சிறியதும் பெரியதுமான கழிகள் பிரிந்து, அவற்றுக்கிடையே ஏராளமான திட்டுகள் அமைந்துள்ளன. கடல்நீர் ஓதத்தின்போது உள்ளே வருகிறது. ஆறுகளிலிருந்தும் பாசன வாய்க்கால்களின் வடிகாலிலிருந்தும் நன்னீர் வந்து சேர்கிறது. இவ்விரண்டும் கலக்கும் இடத்தில்தான் அலையாத்தி மரங்கள் வளர்கின்றன.

வெண்கண்டல், சுரபுன்னை, தில்லை ஆகியவை இங்குள்ள குறிப்பிடத்தக்க மரங்கள். சிதம்பரத்தின் பழம்பெயரான தில்லை, இந்தத் தில்லை மரத்தால் வந்தது. சுரபுன்னை மரத்தைத் தாங்கும் வேர்கள் தண்டிலிருந்து கிளைத்துச் சேற்றில் ஊன்றி நிற்கும். வெண்கண்டலின் வேர்கள் சேற்றிலிருந்து மேல்நோக்கி முளைத்துக் காற்றை உறிஞ்சும். இந்த வேர்களுக்கிடையே இறால், நண்டு, மீன்குஞ்சுகள் வளர்கின்றன. சுற்றுவட்டார மீனவர்களின் பிழைப்புக்கு அவையே ஆதாரம்.

2022ஆம் ஆண்டில் பிச்சாவரம் ராம்சர் ஒப்பந்தத்தின் கீழ் பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. அதன் பரப்பு சுமார் 1,479 ஹெக்டேர். ராம்சர் என்பது 1971ஆம் ஆண்டு பிப்ரவரி 2 அன்று ஈரநிலப் பாதுகாப்பு ஒப்பந்தம் கையெழுத்தான ஈரான் நாட்டு நகரம். அந்த நாளே உலக ஈரநில நாளாகக் கொண்டாடப்படுகிறது.

காடு அழிந்த விதம்

ஊர்மக்கள் விறகுக்காக வெட்டியதாலும் மாடுகளை மேயவிட்டதாலும் காடு அழிந்தது என்பதே நெடுங்காலமாக நிலவிய கருத்து. ஆராய்ச்சி வேறொரு காரணத்தை முதன்மையாகக் காட்டியது.

ஆங்கிலேயர் ஆட்சிக்காலம் தொடங்கி 1970கள் வரை இங்கே கூப்பு முறையில் மரம் வெட்டப்பட்டது. காட்டைப் பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதியிலும் உள்ள மரங்களை முறைவைத்து ஒட்டுமொத்தமாக வெட்டுவது கூப்பு முறை. நிலக்காடுகளில் வெட்டிய இடம் மீண்டும் தழைக்கக்கூடும். அலையாத்திக் காட்டில் நடந்தது வேறு. நிழல் போனதும் வெயில் நேரே சேற்றில் பட்டது. சேற்றிலிருந்த ஈரம் வற்றி மண் இறுகித் தாழ்ந்தது. திட்டின் நடுப்பகுதி தட்டுப்போல் குழிந்தது. உயர்ந்த ஓதத்தில் உள்ளே வந்த கடல்நீர் திரும்பிப் போக வழியின்றி அங்கேயே தேங்கியது. வெயிலில் நீர் ஆவியாக, உப்பு மட்டும் மண்ணில் தங்கியது. ஆண்டுக்கு ஆண்டு உப்பு ஏறி, அலையாத்தி விதைகூட முளைக்க முடியாத அளவை எட்டியது.

இந்தக் கடற்கரையில் ஓத ஏற்றத்தாழ்வு ஒரு மீட்டருக்கும் குறைவு. எனவே மண் சில அங்குலம் தாழ்ந்தாலே நீரோட்டம் நின்றுவிடுகிறது. அதே காரணத்தால், சில அங்குல ஆழத்துக்கு வழி வெட்டினாலும் நீரோட்டம் திரும்புகிறது.

நன்னீர் குறைந்தது இரண்டாவது காரணம். 1934இல் மேட்டூர் அணை பயன்பாட்டுக்கு வந்த பின்னும், பாசன வளர்ச்சியின் விளைவாகவும், காவிரியின் வெள்ள வடிகாலான கொள்ளிடத்தில் ஆண்டின் பல மாதங்கள் கடலை நோக்கி ஓடும் நீர் குறைந்தது. இதனால் உப்பை மிகுதியாகத் தாங்கும் வெண்கண்டல் பெருகியது. நன்னீரை அதிகம் நாடும் மரங்கள் அருகின.

மீன்முள் கால்வாய் முறை

காரணம் தெரிந்ததும் தீர்வும் எளிதாகப் புலப்பட்டது. குழிந்த திட்டுக்கு நடுவே ஒரு முதன்மைக் கால்வாய் வெட்டி, அதை இயற்கையான கழியுடன் இணைத்தனர். முதன்மைக் கால்வாயின் இருபுறமும் சாய்வாகக் கிளைக் கால்வாய்கள் வெட்டப்பட்டன. மேலிருந்து பார்த்தால் மீனின் முதுகெலும்பும் முட்களும் போலத் தோன்றுவதால் இதற்கு மீன்முள் கால்வாய் முறை என்று பெயர். கரை சரியாமல் இருக்கக் கால்வாய்களின் மேற்பகுதி அகலமாகவும் அடிப்பகுதி குறுகலாகவும் அமைக்கப்பட்டது.

கால்வாய் வழியாக ஓதநீர் நாள்தோறும் உள்ளே வந்து வெளியேறியது. தேங்கிய உப்பு கரைந்து போயிற்று. வடகிழக்குப் பருவமழை உப்பை மேலும் கழுவியது. மண் பதப்பட்ட பின் கால்வாய்க் கரையோரம் வெண்கண்டல் முதலிய கன்றுகளும் விதைகளும் நடப்பட்டன. சில இடங்களில், நடாமலே ஓதநீர் கொண்டுவந்த விதைகள் முளைத்தன.

செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்டு 2003இல் வெளியான ஓர் ஆய்வு, 1986 முதல் 2002 வரையிலான காலத்தில் பிச்சாவரத்தின் அலையாத்திக் காட்டுப் பரப்பு சுமார் 90 விழுக்காடு கூடியதாகக் கண்டது. இம்முறை பின்னர் முத்துப்பேட்டையிலும், ஆந்திரத்தின் கோதாவரி, கிருஷ்ணா கழிமுகங்களிலும் பின்பற்றப்பட்டது.

இதில் ஒரு குறையும் உண்டு. ஓதநீர் கொண்டுவரும் வண்டல் கால்வாயில் படியும். அவ்வப்போது தூர்வாராவிட்டால் கால்வாய் மேடாகி, பழைய நிலை திரும்பிவிடும். ஆகவே காட்டை மீட்பது ஒருமுறை நட்டு முடிக்கும் வேலை ஆகாது. தொடர்ந்து கவனிக்க ஊரில் ஆட்கள் இருந்தால்தான் அது நிலைக்கும்.

ஊர் மன்றங்களும் கூட்டு மேலாண்மையும்

1990களின் பிற்பகுதியில் அலையாத்திக் கூட்டு மேலாண்மை என்ற ஏற்பாடு உருவானது. காட்டைச் சார்ந்து வாழும் ஊர்கள் ஒவ்வொன்றிலும் ஒரு மன்றம் அமைக்கப்பட்டது. ஒவ்வொரு குடும்பத்திலிருந்தும் ஓர் ஆணும் ஒரு பெண்ணும் அதில் உறுப்பினர்கள். எந்தத் திட்டில் கால்வாய் வெட்டுவது, எங்கே மேய்ச்சலைத் தவிர்ப்பது, ஊருக்கு எந்த வசதி முதலில் தேவை என்பவற்றை மன்றம் வனத்துறையுடன் பேசி முடிவு செய்தது. கால்வாய் வெட்டும் கூலியும் பெரும்பாலும் அதே ஊர்மக்களுக்கே கிடைத்தது.

காட்டோரம் வாழும் இருளர்களின் நிலை தனித்துக் கூறத்தக்கது. கிள்ளையை அடுத்த எம்.ஜி.ஆர். நகர் போன்ற குடியிருப்புகளில் வாழும் இவர்களில் பலருக்குப் படகோ பெரிய வலையோ கிடையாது. கழுத்தளவு நீரில் நடந்து, கைகளால் சேற்றைத் தடவி இறால் பிடிப்பார்கள். பிடித்ததைப் போடும் பறியைப் பல்லால் கடித்துத் தாங்கிக்கொள்வார்கள். காடு அடர்ந்தால் இறால் பெருகும். கழி தூர்ந்தால் அன்றைய வருமானம் போகும். ஆனால் பழங்குடிச் சான்றிதழ் கிடைப்பதிலும், மீனவருக்கான நலத்திட்டங்களில் சேர்வதிலும் இவர்கள் நெடுங்காலம் இடர்ப்பட்டனர். மன்றத்தில் இடம் கிடைத்தது, காட்டை ஆக்கிரமித்தவர்கள் என்ற பார்வையிலிருந்து காட்டைக் காப்பவர்கள் என்ற நிலைக்கு அவர்களைக் கொண்டுவர உதவியது.

ஆழிப்பேரலையும் அதையொட்டிய விவாதமும்

2004 டிசம்பர் 26 அன்று தாக்கிய ஆழிப்பேரலையில் கடலூர் மாவட்டத்தில் 600க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். பிச்சாவரம் காட்டுக்குப் பின்புறம் இருந்த ஊர்களில் சேதம் குறைவாகவும், கடலை நேரே நோக்கிய ஊர்களில் மிகுதியாகவும் இருந்தது. இதையடுத்து அலையாத்தியின் பாதுகாப்புத் திறன் உலகெங்கும் பேசப்பட்டது. பரங்கிப்பேட்டையிலுள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் உயராய்வு மையத்தின் அறிஞர்கள், அப்பகுதியின் 18 மீனவச் சிற்றூர்களை ஆராய்ந்து 2005இல் கட்டுரை வெளியிட்டனர். அதே ஆண்டில் ‘சயின்ஸ்’ இதழிலும் கடலூர்க் கடற்கரை பற்றிய ஓர் ஆய்வு வந்தது. இரண்டும் கடலோரத் தாவரங்கள் சேதத்தைக் குறைத்தன என்ற முடிவுக்கு வந்தன.

2006இல் வேறு ஆய்வாளர்கள் மறுப்புத் தெரிவித்தனர். தப்பிய ஊர்கள் கடலிலிருந்து தொலைவிலும் சற்று மேட்டிலும் இருந்தன என்றும், வேறுபாட்டில் பெரும்பங்கை அதுவே விளக்கிவிடுகிறது என்றும் அவர்கள் வாதிட்டனர். காடு அலையின் வேகத்தை ஓரளவு தணிக்கிறது என்பதைப் பெரும்பாலோர் ஏற்கின்றனர். பெரும் ஆழிப்பேரலையின்போது காட்டை மட்டும் நம்பி இருந்துவிடக் கூடாது என்பதும் ஏற்கப்பட்ட கருத்தே. முன்னெச்சரிக்கையும் மேட்டை நோக்கி விரைந்து வெளியேறச் சாலையும் கட்டாயம் தேவை.

கடலோரச் சாலையும் நீர்வழியும்

கடலூரும் சிதம்பரமும் தேசிய நெடுஞ்சாலை 32இல் உள்ளன. கடலூருக்குத் தெற்கேயுள்ள பூண்டியாங்குப்பத்திலிருந்து சீர்காழியை அடுத்த சட்டநாதபுரம் வரையிலான 57 கி.மீ. நீளமுள்ள நான்குவழிப் பகுதி 2025 ஏப்ரல் 6 அன்று நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. இப்பகுதி வெள்ளாறு, கொள்ளிடம் ஆகிய இரண்டையும் கடக்கிறது.

கடலூர் மாவட்டம் பல ஆறுகளுக்கு வடிகாலாக உள்ளது. நெல்லிக்குப்பத்துக்கு வடக்கே தென்பெண்ணையும் தெற்கே கெடிலமும் ஓடுகின்றன. அவற்றுக்குத் தெற்கே பரவனாறு, வெள்ளாறு, கொள்ளிடம் உள்ளன. எல்லாம் மேற்கிலிருந்து கிழக்காகக் கடலை நோக்கிப் போகின்றன. சாலையோ வடக்கிலிருந்து தெற்காகச் செல்கிறது. ஆகவே நீர் போகும் திசைக்குக் குறுக்கே எழுப்பிய நீண்ட கரையாகச் சாலை அமைகிறது. ஆறு கடக்கும் இடங்களில் பெரிய பாலம் கட்டுவார்கள். ஆற்றில் அடங்காமல் வயல்வெளியில் பரவி வரும் வெள்ளத்துக்கும், பெயரில்லாத சிறு ஓடைகளுக்கும் போதிய மதகுகள் உண்டா என்பதே கேள்வி.

மதகு குறைந்தால் சாலையின் மேற்குப் பக்கம் வெள்ளம் தேங்கி நெற்பயிரும் குடியிருப்பும் மூழ்கும். கிழக்குப் பக்கம் நன்னீர் வரத்து குறைந்து கழிகளில் உப்பு கூடும். திறப்பு குறுகலாக இருந்தால் நீர் அதனுள் சீறிப் பாய்ந்து அடிமண்ணை அரித்துச் சாலையையே உடைத்துவிடும். 2011 இறுதியில் வந்த தானே புயல், 2015 வெள்ளம், 2024இல் பெஞ்சல் புயலுக்குப் பின் தென்பெண்ணையில் வந்த வெள்ளம் எனக் கடலூர் மாவட்டம் அடுத்தடுத்துப் பேரிடர்களைக் கண்டது. வெள்ளக் காலத்தில் ஆம்புலன்ஸும் நிவாரண வண்டியும் வருவதற்கு இருக்கும் ஒரே வழி சாலைதான்.

சாலையைக் கடக்கும் மக்கள்

சாலை அகலமானால் பயண நேரம் குறையும், நேருக்கு நேர் மோதலும் குறையும். அதே சமயம் இருபுறமும் ஊர் உள்ள இடத்தில் சாலையைக் கடப்பது கடினமாகும். மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் வரும் வண்டி நொடிக்குச் சுமார் 11 மீட்டர் நகர்கிறது. 80 கி.மீ. வேகத்தில் சுமார் 22 மீட்டர். குறுக்கே ஆள் வருவதைப் பார்த்து ஓட்டுநர் பிரேக்கில் கால் வைக்க ஒன்றரை நொடி ஆகும் என்று கொண்டால், அதற்குள் முதல் வண்டி 17 மீட்டரும் இரண்டாம் வண்டி 33 மீட்டரும் வந்துவிடும். வேகம் இரு மடங்கானால் மோதலின் ஆற்றல் நான்கு மடங்காகும்.

மீன்கூடையுடன் பேருந்துக்கு வரும் பெண்கள், பள்ளிப் பிள்ளைகள், மறுபுறம் உள்ள வயலுக்கு மாடு ஓட்டிச் செல்பவர்கள் ஆகியோரே அதிகம் ஆபத்துக்கு உள்ளாகிறார்கள். கரும்பு வெட்டும் பருவத்தில் இரவில் மெதுவாகச் செல்லும் பாரவண்டிகளும் டிராக்டர்களும், பின்புறம் ஒளிரும் பட்டை இல்லாவிட்டால், வேகமாக வரும் வண்டிகளுக்குத் தெரிவதில்லை. கடலோர ஊர்களில் பொதுவாக எழும் கோரிக்கைகள் இவை:

1. ஊர் நடுவே சாலை செல்லும் இடங்களில் சுரங்கப்பாதை அல்லது நடைமேம்பாலம்
2. இருபுறமும் தொடர்ச்சியான அணுகுசாலை. அது இல்லாவிட்டால் இருசக்கர வண்டிகள் எதிர்த்திசையில் வரத் தொடங்கும்
3. பேருந்து நிறுத்தத்திலும் சந்திப்பிலும் விளக்கு
4. பள்ளி, சந்தை அருகே வேகக் குறைப்பு ஏற்பாடு
5. தேங்கும் நீர் வடியக் கூடுதல் மதகுகள்

சுரங்கப்பாதையைத் தாழ்வான இடத்தில் கட்டினால் மழையில் அதுவே குளமாகிவிடும். மக்கள் மீண்டும் சாலை மீதே ஏறிக் கடப்பார்கள். சாலைப் பாதுகாப்பையும் நீர்வழியையும் சேர்த்தே திட்டமிட வேண்டும் என்பதற்கு இது எளிய எடுத்துக்காட்டு.

பள்ளிக்கரணை தரும் பாடம்

ஈரநிலத்தின் குறுக்கே சாலை வந்தால் என்ன ஆகும் என்பதைச் சென்னையின் பள்ளிக்கரணை சதுப்புநிலம் காட்டுகிறது. ஒரு காலத்தில் சுமார் 5,000 ஹெக்டேர் பரந்திருந்த இந்நிலம், குடியிருப்புகள், நிறுவனக் கட்டடங்கள், குப்பை மேடு ஆகியவற்றால் சுருங்கியது. துரைப்பாக்கம்–பல்லாவரம் ரேடியல் சாலை அதை இரண்டாகப் பிரித்தது. அதன் பின் சாலைக்கு அடியிலுள்ள திறப்புகள் வழியாகவே நீர் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போக வேண்டியதாயிற்று. குடியிருப்போரும் சூழலியல் ஆர்வலர்களும் தொடர்ந்து குரல் எழுப்பியதன் பயனாக 2007இல் 317 ஹெக்டேர் காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது. 2022இல் ராம்சர் தகுதியும் கிடைத்தது. எனினும் ஏற்கெனவே கட்டடமாகிவிட்ட பகுதி திரும்பவில்லை. பிச்சாவரத்தில் இன்னும் காலம் கடந்துவிடவில்லை.

சட்டங்களும் மக்கள் கேட்கும் வழிகளும்

2019 கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையின்படி அலையாத்திக் காடுகள் மிக உயர்ந்த பாதுகாப்பு வகையைச் சேர்ந்தவை. ஆயிரம் சதுர மீட்டருக்கு மேற்பட்ட அலையாத்திப் பரப்பைச் சுற்றி 50 மீட்டர் இடைவெளி விட வேண்டும். தவிர்க்க முடியாத பொதுத்தேவைக்காக அங்கே சாலை அமைக்க நேர்ந்து காடு அழிந்தால், அழிந்த பரப்பைப் போல் குறைந்தது மூன்று மடங்கு நட வேண்டும். ஆனால், நீரோட்டம் இல்லாத இடத்தில் மூன்று மடங்கு நட்டாலும் அது பிழைக்காது என்பதைப் பிச்சாவரத்தின் வரலாறு காட்டுகிறது.

2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 198ஏ பிரிவு, சாலையை வடிவமைப்பவரும் கட்டுபவரும் பராமரிப்பவரும் விதிக்கப்பட்ட பாதுகாப்புத் தரத்தைப் பின்பற்றத் தவறி, அதனால் உயிரிழப்போ ஊனமோ நேர்ந்தால் அபராதம் விதிக்க வழி செய்கிறது. விபத்துக்கு ஓட்டுநரை மட்டும் பொறுப்பாக்கிய பழைய நிலையை இது மாற்றியது. சாலையைத் திட்டமிடும்போதும், திறக்கும் முன்பும், பயன்பாட்டில் உள்ளபோதும் செய்யப்படும் பாதுகாப்புத் தணிக்கைக்கு இந்தியச் சாலைக் காங்கிரஸ் கையேடு வெளியிட்டுள்ளது.

ஊர்மக்கள் பயன்படுத்தக்கூடிய வழிகள் பல உள்ளன. கிராமசபைத் தீர்மானம், மாவட்ட ஆட்சியர் தலைமையிலான சாலைப் பாதுகாப்புக் குழுவிடம் மனு, 2005 தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் வரைபடமும் தணிக்கை அறிக்கையும் கேட்டுப் பெறுதல், சுற்றுச்சூழல் அனுமதி தேவைப்படும் பெருந்திட்டங்களில் பொதுமக்கள் கருத்துக்கேட்பு, சென்னையிலுள்ள தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு ஆகியவை முக்கியமானவை. தேசிய நெடுஞ்சாலையில் விபத்து அல்லது இடர் பற்றி 1033 என்ற எண்ணில் தெரிவிக்கலாம். எந்த ஆண்டு வெள்ளம் எந்த மரத்தின் எந்த உயரம் வரை வந்தது, எந்த ஓடை வழியாக வடிந்தது என்ற விவரம் ஊரின் முதியவர்களுக்குத் தெரியும். அதைத் தேதியுடன் எழுதி, படத்துடன் மனுவில் சேர்த்தால் பொறியாளருக்கும் பயன்படும்.

ஹவாயுடன் ஒப்பீடு

பசிபிக் பெருங்கடலிலுள்ள ஹவாய்த் தீவுகளில் நிலைமை நேர்மாறு. அங்கே அலையாத்தி இயற்கையாக வளர்வதில்லை. 1902இல் மொலோகாய் தீவில் மண் அரிப்பைத் தடுக்க ஒரு சர்க்கரை நிறுவனம் அதைக் கொண்டுவந்து நட்டது. அது பரவி, தொல்குடி ஹவாய் மக்களின் பழமையான மீன்வளர்ப்புக் குளங்களையும் நீர்ப்பறவைகள் மேயும் திறந்த சேற்றுநிலங்களையும் அடைத்தது. நம் ஊர் நெடுங்கால் உள்ளானின் உறவுப்பறவை ஒன்று அதனால் பாதிக்கப்பட்டவற்றுள் அடங்கும். ஓவாகு தீவின் ஹேயியா பகுதியில் ஊர்மக்கள் அலையாத்தியை அகற்றி, மீன்குளத்தின் கல்வரப்பைச் சீர்செய்து, சேம்பு வயல்களை மீட்டு வருகிறார்கள்.

மவுயி தீவின் மேற்குக் கரைச் சாலையைக் கடல் அரித்துவருவதால், அதன் ஒரு பகுதியை உள்ளே தள்ளி அமைக்கும் திட்டம் உள்ளது. 2023 ஆகஸ்டில் லஹைனா நகரம் தீயில் அழிந்தபோது, வெளியேறும் வழிகள் குறைவாக இருப்பது எவ்வளவு ஆபத்து என்பது தெளிவானது.

பிச்சாவரத்தில் அலையாத்தியை நடுகிறார்கள், ஹேயியாவில் அதே வகை மரத்தை வெட்டுகிறார்கள். இரண்டுமே அந்தந்த இடத்தின் நீரோட்டத்தையும் அதைச் சார்ந்த வாழ்க்கையையும் மீட்கும் பணிகள். எல்லா இடத்துக்கும் பொருந்தும் ஒரே மரமோ ஒரே திட்டமோ கிடையாது.

இன்றைய நிலை

பிச்சாவரம் இன்று பெயர்பெற்ற சுற்றுலாத் தலம். படகுச் சவாரி உள்ளூர் மக்கள் பலருக்கு வேலை தருகிறது. விடுமுறை நாட்களில் சிதம்பரத்திலிருந்து கிள்ளை வழியாக வரும் வண்டிகளும் பெருகியுள்ளன. நன்னீர் வரத்துக் குறைவு, கால்வாய்கள் தூர்தல், கடல்மட்ட உயர்வு, நெகிழிக் கழிவு ஆகியவை காட்டுக்கு இன்றுள்ள சிக்கல்கள். தமிழ்நாடு அரசு 2022இல் ஈரநில இயக்கத்தைத் தொடங்கியது. 2025 தொடக்கத்தில் மாநிலத்தின் ராம்சர் தலங்கள் 20 ஆயின. இந்திய மாநிலங்களில் இதுவே மிகுதி. அறிவிப்புக்குப் பின் செய்ய வேண்டிய வேலை ஆண்டுதோறும் உள்ளது: பருவமழைக்கு முன் கால்வாயைத் தூர்வாருவது, சாலை மதகில் அடைத்த குப்பையை எடுப்பது, எரியாத தெருவிளக்கைப் பதிவு செய்து கேட்பது. மன்றங்களும் கிராமசபைகளும் விழிப்புடன் இருக்கும் ஊர்களில் இவ்வேலைகள் தடையின்றி நடக்க வாய்ப்பு அதிகம்.